கவுன்சிலரின் அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு கவுன்சிலரின் தகப்பனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால், "அப்பச்சிக்கு எப்படி இருக்கு?" என்று விசாரிக்க ஒரு கூட்டம் வரும். "ஆச்சி, இன்னைக்கும் தண்ணி வரலை" என்று கவுன்சிலருக்குப் போன் அடிக்க இன்னொரு கூட்டம். இரண்டையும் கட்டிலை விட்டுத் தள்ளி நிறுத்தினால்தான் மற்ற எதையும் செய்ய முடியும்.

டாக்டர் ரவுண்ட்ஸ் பெரும்பாலும் காலையில். கவுன்சிலரின் தெரு வார்டில் குழாய்ப் பஞ்சாயத்தும் அதே நேரம்தான். காலைப் பொறுப்பை உடன்பிறந்தவர் ஒருவரிடம் ஒப்படைத்து, அவர் பெயரையும் நம்பரையும் நர்ஸிடம் சொல்லி கேஸ் ஷீட்டில் எழுதவைத்துவிடுங்கள். நான்கு பேர் தனித்தனியாக டாக்டரைக் கேட்டால், வீட்டில் நான்கு கதை ஓடும். கட்டிலருகே ஒரு நோட்டு இருக்கட்டும்: காய்ச்சல், பிரஷர், சுகர், சிறுநீர் அளவு, மாற்றிய மாத்திரை, டாக்டர் சொன்னது. வீட்டில் சாப்பிட்டுவந்த மாத்திரை அட்டைகளையும் முதல் நாளே கொடுத்துவிட வேண்டும்.

கவுன்சிலர் சாயங்காலம் போவது நல்லது. அதற்குக் காரணம் இருக்கிறது. வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரியில் பொழுது சாயும்போது திடீர்க் குழப்பம் வரலாம். ஊசிக் குழாயைப் பிடுங்குவார், "வீட்டுக்குப் போகணும்" என்பார். "வயசாயிடுச்சு, புத்தி பேதலிச்சிருச்சு" என்று விட்டுவிடக்கூடாது. கிருமித் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது, தூக்கமின்மை, சில மாத்திரைகள் எல்லாமே இதைக் கிளப்பும். உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். கண்ணாடியையும் காது மிஷினையும் மாட்டிவிட்டு, கிழமையையும் இடத்தையும் மெதுவாகச் சொல்லி, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் உட்கார்ந்தாலே பலருக்குத் தெளிவு வரும். அந்த அரைமணி நேரம் போன் சைலண்டில். கட்சிக்காரர்கள் பத்துப் பேரோடு உள்ளே போவது நலம் விசாரிப்பு ஆகாது, கிருமியைக் கொண்டுபோவதுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இளநீரும் சாத்துக்குடியும் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். வந்தவர் கொடுத்தாலும் டயட்டீஷியனைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

வார்டு விஷயத்தில், தண்ணீர் திறப்பவர், தூய்மைப் பணி மேற்பார்வையாளர், தெருவிளக்கு பார்ப்பவர் நம்பர்களை வார்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் பாதி அழைப்பு குறையும். முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணையும் சேர்த்துப் போடலாம்.

பெரிய தப்பு நடப்பது லெட்டர்பேடில். ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசரத்தில் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதில் யாருக்கு எந்தச் சான்று எழுதினாலும் பொறுப்பு கவுன்சிலருடையது. அதேபோல, பெண் உறுப்பினர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது கணவரோ தம்பியோ மன்றக் கூட்டத்தில் அவர் இடத்தில் உட்கார முடியாது. வாக்கையும் வருகைப் பதிவேட்டுக் கையெழுத்தையும் யாருக்கும் மாற்றிக் கொடுக்க வழியில்லை. தொடர்ந்து கூட்டங்களுக்கு வராதவர் பதவியை இழக்கலாம். கிராம ஊராட்சிகளுக்கான 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு மூன்று மாதக் கணக்கு வைத்திருக்கிறது. நகரத்து உறுப்பினர்கள் தங்களுக்கான விதியை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டத்துக்கு வர முடியாவிட்டால், காரணத்தைக் கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கி வையுங்கள். "தலைவர்கிட்ட வாயால சொல்லிட்டேன்" என்பது பின்னால் நிற்காது. அஜெண்டா வந்ததும் வார்டு சம்பந்தப்பட்ட தீர்மானங்களைக் குறித்து, நம்பிக்கையான சக உறுப்பினரிடம் பேசச் சொல்லலாம்.

டிஸ்சார்ஜ் நாளையும் மன்றக் கூட்டத்தையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலோ தனியார் காப்பீட்டிலோ கடைசி ஒப்புதல் வர மத்தியானம் தாண்டிவிடுவது வழக்கம். காலை பத்து மணிக்குக் கார் பிடித்து வைத்தால் காத்திருப்பு வாடகைதான் ஏறும். முந்தின சாயங்காலமே பில்லிங் கவுண்டரில் என்ன பாக்கி, எந்தத் தாள் குறைகிறது என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அடுத்த பரிசோதனைத் தேதியைப் பார்த்து, அன்று கூட்டம் இருந்தால் அங்கேயே மாற்றித் தரச் சொல்லுங்கள்.