மூன்று பல் கூடினால் போதும்: பழைய காருக்குப் பெரிய இன்ஜினும் பின் ஆக்ஸிலும்

பழைய கார் ஒன்றின் ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். மற்ற மூன்று சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, புரொப்பல்லர் ஷாஃப்டில் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் நீளத் தண்டு) ஒரு கோடு. இப்போது தூக்கிய சக்கரத்தை ஒருவர் கையால் சரியாக இரண்டு சுற்றுச் சுற்ற, ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்று இன்னொருவர் எண்ண வேண்டும். 1970-களின் எம்ஜிபி கார் என்றால் நான்குக்கு ஒரு துளி குறைவாக வரும். அதே உடல், அதே ஆக்ஸில் கூடு, ஆனால் முன்னால் எட்டு சிலிண்டர் இன்ஜின் உட்கார்ந்திருக்கும் எம்ஜிபி ஜிடி வி8 என்றால் மூன்றைச் சற்றே தாண்டி நின்றுவிடும்.

பழைய காரில் இன்ஜின் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் முன்பக்கத்தைப் பற்றியே பேசுவார்கள். மவுண்ட் பொருந்துமா, ரேடியேட்டர் போதுமா, பானெட் மூடுமா என்று. பின் ஆக்ஸில் கடைசியில்தான் நினைவுக்கு வரும், அதுவும் அடியிலிருந்து ‘கடகட’ சத்தம் கேட்ட பிறகு. அந்த நான்குக்கும் மூன்றுக்கும் இடையிலான வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே விஷயம் பாதி விளங்கிவிடும்.

எம்ஜிபி 1962-ல் இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வந்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி, நான்கு சிலிண்டர், 95 குதிரைத்திறன். நம் ஊர் அம்பாசடருக்கு இது பங்காளி முறை: அம்பாசடரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சிசி இன்ஜினும் இதே பி-சீரிஸ் குடும்பம்தான். அமெரிக்காவில் பியூக் கைவிட்ட அலுமினிய வி8 இன்ஜினின் உரிமையை ரோவர் நிறுவனம் 1960-களின் நடுவில் வாங்கியது. 3528 சிசி. அதை எம்ஜிபிக்குள் இறக்கி விற்றுக் காட்டியவர் கென் காஸ்டெல்லோ. அதைப் பார்த்த பிறகு எம்ஜி கம்பெனியே 1973-ல் ஜிடி வி8-ஐ வெளியிட்டது. 1976 வரை 2,591 கார்கள். 137 குதிரைத்திறன், முறுக்கு விசை 262 நியூட்டன் மீட்டர். பழைய இன்ஜினின் முறுக்கு விசை சுமார் 149தான். எட்டு சிலிண்டர் என்றாலும் அந்த அலுமினிய இன்ஜின் பழைய இரும்பு நாலு சிலிண்டரைவிட எடையில் சற்றுக் குறைவு. இதைச் சொன்னால் இன்றும் பலர் நம்புவதில்லை.

சரி, முன்னால் இவ்வளவு மாறியபோது பின்னால் என்ன மாறியது? ஆக்ஸிலின் நடுவில் புடைத்திருக்கும் உருண்டைக்குள் (டிஃப்ரென்ஷியல் இருக்கும் இடம்) இரண்டு முக்கியப் பற்சக்கரங்கள் உண்டு. புரொப்பல்லர் ஷாஃப்டின் முனையில் சின்னப் பினியன். அது சுழற்றும் பெரிய வட்டம் கிரவுன் வீல். சாதாரண எம்ஜிபியில் பினியனுக்கு 11 பல், கிரவுனுக்கு 43. வகுத்தால் 3.909. வி8-ல் கிரவுனுக்கு அதே 43, பினியனுக்கு 14. வகுத்தால் 3.07. மூன்று பல்தான் கூடியது. அந்தப் பல் ஜோடியும் புதிதாகச் செய்ததல்ல. ஆறு சிலிண்டர் இன்ஜினோடு 1967-ல் வந்த எம்ஜிசி காரிலேயே இருந்தது.

அதென்ன 43, ஒரு ரவுண்டான எண்ணாக இருக்கக்கூடாதா? 43 பகா எண். பினியனின் ஒரு பல், கிரவுனின் எல்லாப் பல்லையும் முறை வைத்துச் சந்தித்த பிறகுதான் முதலில் தொட்ட பல்லிடம் திரும்பும். 44-க்கு 11 என்று வைத்திருந்தால் அதே நான்கு பற்கள் மட்டும் ஆயுள் முழுக்க ஒரே பல்லோடு மோதிக்கொண்டிருக்கும். ஒரு பல்லில் சின்னக் கீறல் இருந்தால் அந்த நாலும் சேர்ந்து கெடும்.

எம்ஜிபியின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.9 மீட்டர் உருளும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 877 முறை சுற்றும். டாப் கியரில் கியர்பாக்ஸ் எதையும் மாற்றாது, எனவே அதை 3.909-ஆல் பெருக்கினால் இன்ஜின் வேகம்: 3,430. அதையே 3.07-ஆல் பெருக்கினால் 2,690. வி8-ன் முறுக்கு விசை உச்சம் தொடுவது 2,900 சுற்றில். பழைய பல்லை வைத்திருந்தால் அந்தப் பெரிய இன்ஜின் நெடுஞ்சாலையில் தேவையில்லாமல் கத்திக்கொண்டே ஓடும். புதுப் பல்லில் அது தனக்குப் பிடித்த வேகத்துக்குச் சற்றுக் கீழே, மூச்சு வாங்காமல் ஓடும். ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் இன்ஜினை மெதுவாகச் சுழலவிடும் கூடுதல் கியர்) போட்டால் இன்னும் 18 சதவீதம் குறையும்.

சின்ன இன்ஜினுக்கு ஆக்ஸிலில் பெரிய பெருக்கல் வேண்டும், கடப்பாறை நீளமாக இருந்தால்தான் கல் நகரும் என்பதுபோல. பெரிய இன்ஜினுக்குக் கைபலமே போதும், கடப்பாறையைக் குறைத்துக்கொள்ளலாம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பெரிய இன்ஜினும் வேண்டும், நீளக் கடப்பாறையும் வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். முதல் கியரில் என்ன ஆகும் என்று பாருங்கள். பழைய எம்ஜிபியில் 149-ஐ 3.44-ஆலும் (முதல் கியர்) 3.909-ஆலும் பெருக்கினால் சக்கரத்தில் சுமார் 2,000 நியூட்டன் மீட்டர். வி8-ல் முதல் கியர் 3.14, ஆக்ஸில் 3.07, ஆக 2,500. வி8 இன்ஜினோடு பழைய 3.909-ஐயே விட்டிருந்தால் 3,200. உராய்வில் போவதைக் கழிக்காத காகிதக் கணக்குதான் இது, இருந்தாலும் திசையைக் காட்டும்.

அந்த 3,200-ஐ வைத்து என்ன செய்வது? பின் சக்கரங்கள் மேல் 650 கிலோ அழுத்துகிறது, காய்ந்த சாலையில் டயரின் பிடிமானம் அந்த எடையில் 90 சதவீதம், சக்கர ஆரம் 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டயர் தாங்குவது 1,700 நியூட்டன் மீட்டர்தான். அதற்கு மேல் போனால் டயர் வழுக்கிச் சுழலும், ரப்பர் புகையும். இன்ஜின் எவ்வளவு தள்ளினாலும் ஆக்ஸில் தாங்க வேண்டிய சுமை டயர் வழுக்கும் எல்லையோடு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் ஃபியூஸ் கம்பி எப்படியோ, அப்படி இங்கே டயர்.

என் கணிப்பில் ஆக்ஸில் தேர்வின் ரகசியமே இதுதான். எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதற்கு முன் என்ன டயர் என்று கேட்க வேண்டும். 1973-ல் வி8-க்குக் கிடைத்த 175 அளவு டயரோடு அந்த எம்ஜிபி ஆக்ஸில் கூடு பல்லாண்டு தாக்குப்பிடித்தது. அதே காரில் இன்று அகலமான, ஒட்டும் தன்மையுள்ள ரப்பரைப் போட்டால் ஃபியூஸ் கம்பியைத் தடித்த கம்பியாக மாற்றியது போலாகும். அடுத்து எது பலவீனமோ அது எரியும். அது பினியனாக இருக்கலாம், உருண்டையிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் ஷாஃப்டாக இருக்கலாம், கியர்பாக்ஸாகவும் இருக்கலாம். வி8-ன் கியர்பாக்ஸ் விஷயத்தில் கம்பெனிக்கே பயம் இருந்தது. ஆரம்பத்தில் மூன்றாம் கியரிலும் வேலை செய்த ஓவர்டிரைவை விரைவிலேயே டாப் கியருக்கு மட்டும் என்று மாற்றிவிட்டார்கள்.

ஆக்ஸில் ஷாஃப்டைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி உண்டு. உருண்டைக் கம்பி ஒன்று முறுக்கைத் தாங்கும் வலிமை அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். அமெரிக்க ஃபோர்டு ஆக்ஸில்களில் முனையில் 28 பள்ளம் வெட்டிய ஷாஃப்டின் விட்டம் சுமார் 1.20 அங்குலம், 31 பள்ளம் வெட்டியது 1.32 அங்குலம். விரலால் தொட்டுப் பார்த்தால் வித்தியாசமே தெரியாத பத்து சதவீதம். வலிமையோ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது.

அமெரிக்காவில் எம்ஜிபிக்குள் ஐந்து லிட்டர் ஃபோர்டு வி8-ஐயே இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எம்ஜிபி ஆக்ஸில் போதாது. அங்கே இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப அடிபடும்: ஃபோர்டு ஒன்பது அங்குலம், ஃபோர்டு எட்டு புள்ளி எட்டு. எண்கள் கிரவுன் வீலின் விட்டம். ஒன்பது அங்குலம் 1957 முதல் 1986 வரை வந்தது. அதில் பினியன், கிரவுனின் மையக் கோட்டுக்கு வெகு கீழே வந்து தொடுகிறது. இப்படிக் கீழே தள்ளி வைக்கும் அமைப்புக்கு ஹைபாய்டு என்று பெயர். எம்ஜிபியும் அதே வகைதான், ஆனால் அளவு வேறு. எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு பல் பரப்பு ஒன்றையொன்று தொடும், வலிமை கூடும். ஆனால் பற்கள் உருளுவதோடு நில்லாமல் ஒன்றன் மேல் ஒன்று தேய்ந்து வழுக்கவும் செய்யும். அந்தத் தேய்ப்பில் கொஞ்சம் சக்தி சூடாகப் போய்விடும். டிஃப்ரென்ஷியல் ஆயிலைத் திறந்தால் அழுகின முட்டை வாடை அடிப்பதும் இதனால்தான்: அந்த அழுத்தத்தில் உலோகம் உலோகத்தை ஒட்டாமல் காக்க கந்தகச் சேர்மங்கள் கலக்கிறார்கள். ஆகவே சாலையில் ஓட்டும் காருக்கு, ‘உடையவே உடையாது’ என்ற பெயருக்காக ஒன்பது அங்குலத்தை மாட்டுவது எனக்கு வீண் செலவாகவே படுகிறது. வாழ்நாள் முழுக்க ஒரு பங்கு சக்தியைச் சூடாக்கிக்கொண்டே ஓட வேண்டும்.

எட்டு புள்ளி எட்டு மலிவாகக் கிடைப்பதற்கு ஃபோர்டின் எக்ஸ்புளோரர் ஜீப்புகள் காரணம். 1995-க்குப் பிந்தையவற்றில் 31 பள்ள ஷாஃப்டும் டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தே வரும். அதன் உருண்டை நடுவில் இல்லை, ஒரு பக்கம் தள்ளி இருக்கிறது. ஒரு ஷாஃப்ட் நீளம், இன்னொன்று குட்டை. நீளமான பக்கக் குழாயை மூன்று அங்குலம் போல அறுத்துவிட்டு, இரண்டு பக்கமும் குட்டை ஷாஃப்டையே போட்டால் 1960-களின் மஸ்டாங்குக்குக் கிட்டத்தட்ட அளவெடுத்தது போல் இருக்கும். எம்ஜிபிக்கு அந்தத் தந்திரம் பலிக்காது. அதன் பின் சக்கரங்களுக்கு நடுவே சுமார் 1.25 மீட்டர்தான், எக்ஸ்புளோரர் ஆக்ஸில் ஒன்றரை மீட்டரைத் தாண்டும். இரண்டு பக்கமும் அறுத்து, ஷாஃப்டையும் வெட்டி, புதிதாகப் பள்ளம் போட வேண்டும். மலிவாக வாங்கியதன் மலிவு அங்கே கரைந்துவிடும்.

அப்புறம் வெல்டிங். புது ஆக்ஸிலை எந்தக் கோணத்தில் பற்றவைப்பது என்பதுதான் இங்கே கேள்வி. ஆக்ஸில் சக்கரத்தை முன்னால் சுழற்றும்போது, பினியன் கிரவுன் மேல் ஏறப் பார்க்கிறது. ஆக்ஸிலின் மூக்கு, அதாவது பினியன் இருக்கும் முன்முனை, மேலே தூக்கும். எம்ஜிபியைப் போல ஸ்பிரிங் பட்டையில் நிற்கும் ஆக்ஸில் என்றால் பட்டை ‘எஸ்’ எழுத்தாக வளைந்து, டயர் வழுக்கியதும் படாரென்று நிமிரும், மறுபடி வளையும். அந்த உதறல்தான் பல ஷாஃப்டுகளை முறிக்கிறது. மூக்கு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதும் முக்கியம். புரொப்பல்லர் ஷாஃப்டின் முனையில் மடங்கும் இணைப்பான யூ ஜாயின்ட் கோணத்தில் வளைந்து சுழலும்போது சீராகச் சுழலாது. பத்து டிகிரி வளைவில், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஒன்றரை சதவீதம் வேகமாகவும் இரண்டு முறை அதே அளவு மெதுவாகவும் போகும். மறுமுனை ஜாயின்டும் அதே கோணத்தில் இருந்தால் அந்தக் குளறுபடியை அது சரிக்கட்டிவிடும். அதனால் கியர்பாக்ஸின் கோடும் பினியனின் கோடும் இணையாக இருக்க வேண்டும். பட்டை வண்டியில், இழுக்கும்போது மூக்கு ஏறும் என்பதால், நிற்கும்போது ஒன்றிரண்டு டிகிரி தாழ்த்தி வைப்பார்கள். பட்டை உட்காரும் தட்டை ஆக்ஸில் குழாயில் முதலில் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்து, காரைத் தரையில் இறக்கி, முழு எடையும் ஏறியபின் கோணம் அளந்து, பிறகுதான் முழு வெல்டிங். அதுவும் விட்டு விட்டு. ஒரே மூச்சில் ஓட்டினால் சூட்டில் குழாயே வளைந்துவிடும்.

ஆரம்பத்தில் சக்கரத்தை ஏன் இரண்டு சுற்று சுற்றச் சொன்னேன் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தரையில் நிற்கும் சக்கரம் அசையாதபோது, இரண்டு சக்கரங்களுக்கும் போக வேண்டிய சுழற்சி முழுவதையும் டிஃப்ரென்ஷியல் தூக்கிய சக்கரத்துக்கே கொடுக்கிறது. சக்கரம் இரண்டு சுற்று போனால்தான் கிரவுன் ஒரு சுற்று போகும். வளைவில் வெளிச் சக்கரம் கூடுதலாக ஓட முடிவதும் இதே ஏற்பாட்டால்தான்.

எம்ஜிபியின் ஸ்பீடோமீட்டர் கேபிள் ஆக்ஸிலிலிருந்து வரவில்லை, கியர்பாக்ஸின் வாலிலிருந்து வருகிறது. பினியனை 11-லிருந்து 14 பல்லாக மாற்றிவிட்டு மீட்டரை அப்படியே விட்டால், அது இன்னமும் பழைய கணக்கிலேயே வேகம் காட்டும். முள் 80-ல் நிற்கும். கார் 102-ல் போய்க்கொண்டிருக்கும். சாலையோரம் நிறுத்துகிற போலீஸ்காரரிடம் 43-ஐ 14-ஆல் வகுத்துக் காட்டிப் பார்க்கலாம். அபராதம் குறையும் என்று சொல்ல மாட்டேன்.