சைக்கோபதி: 'உணர்ச்சியற்றவர்' என்று எழுதாதீர்கள்

சிறைக் கைதிகளின் மனநிலை பற்றித் தமிழில் எதைப் படித்தாலும், சைக்கோபதி (பரிவும் குற்றவுணர்வும் மங்கிய ஆளுமை நிலை) உள்ளவரை 'உணர்ச்சியற்றவர்' என்றே எழுதுகிறார்கள். செய்திகளில் இன்னும் மோசம்: 'மனநோயாளி'.

கிரேக்கத்தில் 'சைக்கே' என்றால் உயிர், மனம். 'பாத்தோஸ்' என்றால் துன்பம், நோய். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர்கள் பலவகைக் கோளாறுகளுக்கும் பொதுவாக இச்சொல்லை வழங்கினார்கள். 1941இல் அமெரிக்க மருத்துவர் ஹார்வி கிளெக்லி இன்றைய பொருளுக்கு வடிவம் கொடுத்தார்.

'மனநோயாளி' தவறு என்பதற்கு அதிகம் வாதாட வேண்டியதில்லை. பிரமையும் மாயக்குரலும் சைக்கோசிஸ் என்ற, நடப்போடு தொடர்பு அறுந்த மனநோய் நிலையின் அடையாளங்கள். சைக்கோபதி உள்ளவருக்கு நடப்பு நன்றாகவே தெரியும். இரண்டையும் 'சைக்கோ' என்று ஒரே மூட்டையில் கட்டுவது, யாருக்கும் தீங்கு செய்யாத லட்சக்கணக்கான நோயாளிகளுக்கு இழைக்கும் அநியாயம்.

சரி, 'உணர்ச்சியற்றவர்'? இதுதான் எனக்குப் பெரிய வருத்தம். கனடிய உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய மதிப்பீட்டுப் பட்டியலில் 20 கூறுகள், மொத்தம் 40 மதிப்பெண். அதில் ஒரு கூறு, உணர்ச்சி ஆழமில்லாமல் இருப்பது. ஆழமில்லை என்பதை 'இல்லவே இல்லை' ஆக்கியது மொழிபெயர்ப்பாளரின் அவசரம். இந்தக் கைதிகளுக்குக் கோபம் வரும், சலிப்பு வரும், அவமானப்பட்டால் கொதிப்பார்கள். அச்சமும் குற்றவுணர்வும்தான் மங்கலாக இருக்கும். சிலரிடம் பதற்றம்கூட நிறைய உண்டு. பேச்சில் பிறரை எளிதாகக் கவர்வார்கள். ஆனால் உறவு நீடிக்காது, காரியம் முடிந்ததும் அறுந்துவிடும்.

2013இல் நெதர்லாந்தில் வெளியான ஓர் ஆய்வு இன்னும் தெளிவாகக் காட்டியது. சைக்கோபதி உள்ள குற்றவாளிகளுக்கு, ஒரு கை இன்னொரு கையை வருடுவது, அடிப்பது போன்ற படங்களைக் காட்டினார்கள். சும்மா பார்த்தபோது அவர்கள் மூளையில் பரிவுக்குரிய எதிர்வினை குறைவு. 'அந்த இடத்தில் உங்களை வைத்து உணருங்கள்' என்று சொன்னதும் மற்றவர்களோடு இருந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்தது. அதாவது பரிவு தானாக எழுவது குறைவு, முயன்றால் எழுகிறது.

அதனால்தான் 'பரிவிலி' என்று ஆக்கினாலும் ஒப்ப மாட்டேன். இலி என்றால் துளியும் கிடையாது என்று பொருள். 40 மதிப்பெண்ணில் ஏற்றஇறக்கமாக அளக்கும் ஒன்றுக்கு அந்த விகுதி பொருந்தாது. என் பரிந்துரை 'பரிவுக்குறை ஆளுமை'. சற்று நீளம்தான், ஆனால் பொய் சொல்லவில்லை. முதல் முறை எழுதும்போது சைக்கோபதி என்றும் சேர்த்துக்கொள்ளலாம். தூய தமிழ் வேண்டும் என்பதற்காகத் தவறான பொருளை அச்சிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அற்ற, இல்லாத, இலி என்று எதற்கும் ஒரு வால் ஒட்டிவிடும் பழக்கம் மொழிபெயர்ப்பில் பெருகிவிட்டது. மருத்துவச் சொல்லில் அதற்குக் கேடு அதிகம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் மெண்டோட்டா இளைஞர் சிகிச்சை மையத்தில் இத்தகைய கூறுகள் மிகுந்த சிறார்களுக்குத் தீவிர சிகிச்சை கொடுத்தபோது, பின்னாளில் அவர்களிடம் வன்முறைக் குற்றங்கள் குறைந்தன. 'உணர்ச்சியற்றவர்' என்று படித்துப் பழகிய சிறை அலுவலர், அப்படியொரு சிகிச்சைக்கு ஏன் பரிந்துரைக்கப் போகிறார்?