பவளமற்ற கடலில் பாறை கட்டியவை

பவளப்பாறைகள் வெளிறுவது பற்றிய செய்திகளைப் படித்த வாசகர் ஒருவர், "பவளமே இல்லாத கடல் என்றைக்காவது இருந்ததா? இருந்திருந்தால் அந்த இடத்தில் என்ன வளர்ந்தது?" என்று கேட்டிருந்தார். அப்படி ஒரு கடல் இருந்தது. ஏறத்தாழ 25.19 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலம் முடிந்து ட்ரையாசிக் காலம் பிறந்த வேளையில், அதுவரை வாழ்ந்த பவள வகைகள் அனைத்தும் மறைந்தன. அவை விட்டுச்சென்ற வெப்பமண்டல ஆழமற்ற கடல்களில் பாறை கட்டும் வேலையை நுண்ணுயிர்கள் ஏற்றுக்கொண்டன.

அந்தப் பேரழிவின் கதை பலரும் அறிந்ததுதான். சைபீரியாவில் பெருக்கெடுத்த எரிமலைக் குழம்பு, தான் ஊடுருவிய நிலக்கரியையும் சுண்ணாம்புக்கல்லையும் சுட்டு, கார்பன் டை ஆக்சைடை வளிமண்டலத்தில் கொட்டியது. புவி சூடேறியது; கடல் ஆக்சிஜனை இழந்தது; கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை அழிந்தன. சீனாவின் செஜியாங் மாகாணத்தில் உள்ள மெய்ஷான் குவாரியின் எரிமலைச் சாம்பல் அடுக்குகளைக் காலக்கணிப்பு செய்து, இந்த அழிவு நடந்தேற ஏறத்தாழ 60,000 ஆண்டுகளே ஆயின என்று 2014இல் கணித்தார்கள். புவியியல் கணக்கில் இது கண்ணிமைக்கும் நேரம்.

இனி பாறைக்கு வருவோம். தென்சீனத்தின் குய்சோ மாகாணம், துருக்கியின் டாரஸ் மலைகள், ஈரான் ஆகிய இடங்களில் பெர்மியன் முடிந்து ட்ரையாசிக் தொடங்கும் எல்லையைக் கண்ணால் பார்க்கலாம். கீழே இருப்பது பெர்மியன் சுண்ணாம்புக்கல். அதை உடைத்துப் பார்த்தால் கடற்பஞ்சு, சுண்ணாம்புப் பாசி, ஓட்டுயிரிகளின் சிதைவுகள் அடர்ந்து கிடக்கும். அதற்கு நேர் மேலே வேறொரு கல் தொடங்குகிறது. பெரிய ஓடு எதுவும் அதில் தென்படாது. வெட்டி மெருகேற்றினால், வெளிறிய பின்புலத்தில் கரிய திட்டுகள் திரைந்த பாலைப் போலக் கட்டிகட்டியாக நிற்பதைக் காணலாம். சில இடங்களில் அவை கிளைவிட்டு மேல்நோக்கி எழுகின்றன. இந்தக் கட்டித்தன்மை உடைய கல்லுக்கு த்ராம்போலைட் என்றும், மெல்லிய அடுக்குகளாக வளர்ந்த கல்லுக்கு ஸ்ட்ரோமட்டோலைட் என்றும் பெயர். இரண்டும் நுண்ணுயிர்ப் பாறைகளே. குய்சோவில் இந்தப் படிவம் 15 மீட்டர் வரை தடித்திருக்கிறது. ஓடோ எலும்போ இல்லாத உயிர்கள் இவ்வளவு கல்லை எப்படிக் கட்டின?

நீலப்பச்சைப் பாசி என்று பள்ளியில் படித்த சயனோபாக்டீரியாக்கள் ஒளிச்சேர்க்கைக்காகக் கடல்நீரின் பைகார்பனேட்டை எடுத்துக்கொள்கின்றன, அதனால் சுற்றியுள்ள நீரின் காரத்தன்மை ஏறுகிறது, கால்சியம் கார்பனேட் வீழ்படிவாகிறது என்று பாடநூல்கள் சுருக்கமாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளும். அது பொய்யல்ல, ஆனால் முழுமையும் அல்ல. கடல்நீரில் பைகார்பனேட் தாராளமாக இருப்பதால், ஒளிச்சேர்க்கை அதில் ஒரு பகுதியை எடுத்துவிடுவதால் மட்டும் பி.எச். பெரிதாக மாறிவிடாது. மேலும் இந்த உயிர்கள் தம்மைச் சுற்றிக் கூழ் போன்ற ஒரு பசையைச் சுரக்கின்றன. அந்தப் பசை எதிர்மின் சுமை கொண்டது. நேர்மின் சுமை கொண்ட கால்சியம் அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பசைக்குள் சிக்கிய கால்சியத்தால் கார்பனேட்டுடன் சேர முடியாது. அதாவது, பாறை கட்டுவதாக நாம் நினைக்கும் உயிரின் பசையே பாறை உருவாவதைத் தடுக்கிறது.

தடையை நீக்குவது யார் என்பதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி. உயிருள்ள நுண்ணுயிர்ப் படலம் ஒன்றைக் கத்தியால் செங்குத்தாக வெட்டினால், சில மில்லிமீட்டருக்குள் ஓர் உலகமே அடுக்கப்பட்டிருக்கும். மேலே பச்சை அல்லது பழுப்பு நிறத்தில் சயனோபாக்டீரியா. அதன் கீழ் ஊதா நிறக் கந்தக பாக்டீரியா. அதற்கும் கீழே இரும்பு சல்ஃபைடால் கறுத்த, ஆக்சிஜன் அற்ற அடுக்கு. இந்தக் கறுத்த அடுக்கிலும், சில வேளைகளில் மேற்பரப்பை ஒட்டியும், சல்பேட்டைச் சுவாசித்து வாழும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. நாம் ஆக்சிஜனைக் கொண்டு உணவை எரிப்பது போல அவை சல்பேட்டைக் கொண்டு எரிக்கின்றன. அவற்றுக்கு உணவு மேலடுக்கு சுரந்த பசையும் அதன் சிதைவுப் பொருள்களும்தான். பசை சிதையச் சிதைய, அதில் சிறைப்பட்டிருந்த கால்சியம் விடுபடுகிறது. அதே வேதிவினையில் பைகார்பனேட்டும் புதிதாக உண்டாகி, நுண்துளைகளில் உள்ள நீரின் காரத்தன்மை உயர்கிறது. கால்சியமும் கார்பனேட்டும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கிடைக்க, பசை இருந்த இடத்தில் நுண்படிகங்கள் முளைக்கின்றன. மேலே உள்ள சயனோபாக்டீரியாக்களோ ஒளியைத் தேடி வழுக்கியபடி ஏறிச்சென்று, புதிய பசையைச் சுரந்து, அடுத்த படலத்தைத் தொடங்கிவிடுகின்றன. ஓர் உயிர் கட்டுவதை இன்னோர் உயிர் தின்ன, அந்தத் தின்றலில் கல் பிறக்கிறது.

இதை இன்றைய கடலிலும் காணலாம். பஹாமாஸின் ஹைபோர்ன் கே தீவை ஆராய்ந்த பமீலா ரீட் குழுவினர், நூலிழைச் சயனோபாக்டீரியாக்கள் மணலைப் பிடித்து ஒட்டவைக்கும் கட்டமும், சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் நிறைந்த படலம் மெல்லிய சுண்ணாம்புப் பொருக்கை உண்டாக்கும் கட்டமும் மாறிமாறி வருவதை 2000இல் விளக்கினார்கள். ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் உள்ள ஹாமலின் குளத்தில் ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை.

ஹாமலின் குளத்தின் நீர் வழக்கமான கடல்நீரைப் போல இரு மடங்கு உப்புடையது. படலத்தை மேயும் நத்தைகள் அங்கே அதிகம் வாழ முடியாது. ஆகவே, மேயும் விலங்குகள் இல்லாத இடத்தில்தான் நுண்ணுயிர்ப் பாறை வளரும், பெர்மியன் முடிவில் அந்த விலங்குகள் அழிந்ததால்தான் அது கடலெங்கும் திரும்பி வந்தது என்ற விளக்கம் நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்தது. இது பாதி விளக்கமே என்பது என் எண்ணம். ட்ரையாசிக் தொடக்கத்து நுண்ணுயிர்ப் பாறைகளுக்குள்ளேயே சிறு நத்தைகளின் ஓடுகள் கிடைக்கின்றன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்தபோது கடலிலும் ஏராளமான விலங்குகள் மறைந்தன. ஆனால் அப்போது நுண்ணுயிர்ப் பாறைகள் இந்த அளவுக்குப் பரவவில்லை. மேய்வோர் இல்லாமல் போனால் மட்டும் போதாது. நீரின் வேதியியலும் கைகொடுக்க வேண்டும்.

கைகொடுத்த விதம் சற்றே முரண்பாடாகத் தோன்றலாம். கார்பன் டை ஆக்சைடு திடீரெனக் கரையும்போது கடல் அமிலத்தன்மையை நோக்கி நகர்ந்து, சுண்ணாம்பு படிவது கடினமாகும். ஆனால் அதே வெப்பமும் மழையும் தாவரங்களை இழந்த நிலத்தின் பாறைகளை வேகமாகச் சிதைத்து, கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் ஆறுகளின் வழியே கடலுக்கு அனுப்பின. முன்பு அவற்றை எடுத்து ஓடு செய்துகொண்ட உயிர்களில் பெரும்பாலானவை இப்போது இல்லை. செலவழிப்பவர் இல்லாத இடத்தில் வரவு குவிந்து, கடல்நீர் கால்சியம் கார்பனேட்டின் அதிதெவிட்டிய கரைசலானது, அதாவது தாங்கக்கூடியதைவிட அதிகம் கரைந்த நீரானது. அந்த நிலையில் படிகம் உருவாக ஒரு சிறு தூண்டுதல் போதும். அதைத்தான் அழுகும் பசை தந்தது.

குய்சோவில் இந்தப் படிவத்துக்கு அடியில், பெர்மியன் கல்லின் மேற்பரப்பு அரிக்கப்பட்டு ஒழுங்கற்று இருக்கிறது. அமிலமேறிய கடல்நீர் கடலடியிலேயே கல்லைக் கரைத்த தடம் இது என்றார் புவியியலாளர் ஜொனாதன் பெய்ன். கடல்மட்டம் தாழ்ந்து, கல் வெளியே தெரிந்து, மழையால் அரிக்கப்பட்டது என்று கருதுவோரும் உள்ளனர். ஓர் அங்குல மேடுபள்ளத்தை எப்படிப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு பெருங்கடலின் பி.எச். பற்றிய முடிவே மாறும் என்பதால், இந்த விவாதம் எனக்கு அற்பமானதாகத் தோன்றவில்லை.

ஆக்சிஜனைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெய்ஷான் படிவுகளில், ஒளியும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஒருங்கே கிடைக்கும் நீரில் மட்டுமே வாழும் பச்சைக் கந்தக பாக்டீரியாக்களின் நிறமி எச்சங்கள் கிடைத்துள்ளன. நச்சு நீர் அவ்வப்போதேனும் ஒளி புகும் ஆழம் வரை ஏறியிருக்கிறது என்று இதற்குப் பொருள். அப்படியானால் நுண்ணுயிர்ப் பாறைகள் உயிரற்ற கடலின் அடையாளமா? அவற்றுக்குள் ஓஸ்ட்ரகோடுகள், அதாவது ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள இரட்டை ஓடு கொண்ட கணுக்காலிகள், கணிசமாகக் கிடைக்கின்றன. சயனோபாக்டீரியாக்கள் பகலில் வெளியிட்ட ஆக்சிஜனும், உணவாகப் பயன்பட்ட படலமும் சேர்ந்து அவற்றுக்குப் புகலிடம் தந்திருக்க வேண்டும் என்கிறார் அந்த ஓடுகளை ஆராய்ந்த மரீ-பெயாட்ரீஸ் ஃபொரெல். எனக்கு இது ஏற்புடைய கருத்து.

இவற்றை அறிய விலையுயர்ந்த கருவிகள் வேண்டும். அதற்கு முன்னால் கல் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். இதே எல்லையைப் பதிந்து வைத்துள்ள கடற்படிவுகள் காஷ்மீரில், ஸ்ரீநகருக்கு அருகே குர்யுல் பள்ளத்தாக்கில் உள்ளன. அவை உலகப் புவியியலாளர் பலர் தேடிவந்து ஆராய்ந்தவை. அத்தகைய இடத்தைக் கல் உடைப்பிலிருந்து காப்பதற்கும், ஆய்வு மாணவர்களைக் களத்துக்கு அனுப்புவதற்கும் ஆகும் செலவு மிகச் சிறியது. அதைக்கூடத் தயங்கித் தயங்கி ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

நுண்ணுயிர்ப் பாறைகளின் ஆட்சி இடைவிடாது நீடிக்கவில்லை. தென்சீனத்தில் முதல் அலை விரைவிலேயே நின்றது. பின்னர் ட்ரையாசிக் தொடக்ககாலம் முழுவதும் வெவ்வேறு கடல்களில், கார்பன் சுழற்சி குலைந்த வேளைகளில், அவை விட்டுவிட்டுத் தலைகாட்டின. ஏறத்தாழ 24.7 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய நடு ட்ரையாசிக்கில், அதே குய்சோவில் அன்றிருந்த ஆழமற்ற சுண்ணாம்புக் கடல்மேடையின் விளிம்பில் ட்யூபிஃபைட்டிஸ் என்ற உயிர் பெரிய திட்டுகளைக் கட்டத் தொடங்கியது. இன்றைய பவளங்களின் முன்னோடிகளும் ஏறத்தாழ அக்காலத்தில்தான் புதைபடிவங்களில் முதன்முதலாகத் தென்படுகின்றன.