பி4 கட்டத்தில் காத்திருந்த தற்காப்பு

1858-ஆம் ஆண்டு, பாரிஸ் ஆப்பரா அரங்கம். மேடையில் இசை நாடகம் ஓடிக்கொண்டிருக்க, பிரன்ஸ்விக் கோமகனின் தனி மாடத்தில் சதுரங்கப் பலகை விரிந்திருக்கிறது. வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்திருப்பவர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து இளைஞர் பால் மார்ஃபி, வயது 21. எதிரே கோமகனும் இசுவார் பிரபுவும் கலந்து பேசி ஒரே அணியாக ஆடுகிறார்கள். 17-ஆவது நகர்த்தலில் செக்மேட்.

சதுரங்கம் கற்றுக்கொள்ளும் யாரும் இந்த ஆட்டத்தைத் தாண்டித்தான் வருவார்கள். பெரும்பாலும் மார்ஃபியின் பக்கத்திலிருந்தே அதைப் பார்க்கிறோம். எனக்கு அதைக் கறுப்பின் பக்கம் உட்கார்ந்து பார்ப்பதுதான் பிடிக்கும். எங்கே தவறியது, எந்த நகர்த்தல் காப்பாற்றியிருக்கும்? இந்தக் கேள்விக்கு விடை தேடும் முறை ஒன்று இருக்கிறது. கணினி நிரல்களும் ஏறக்குறைய அதே வழியில்தான் தேடுகின்றன.

பலகை இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஆடுபவரின் இடப்பக்கத்திலிருந்து நெடுவரிசைகளை ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்று சொல்கிறேன். கிடைவரிசைகள் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை. மந்திரி என்றால் குறுக்காக ஓடும் பிஷப்.

ஆட்டம் இப்படிப் போனது. இரு பக்கமும் ராஜா முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தின. வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வந்தது, கறுப்பு டி6 சிப்பாயால் தன் ஈ5 சிப்பாய்க்குக் காவல் போட்டது. வெள்ளை சிப்பாயை டி4-க்குத் தள்ளியது. இங்கே கறுப்பு மந்திரியை ஜி4-க்கு அனுப்பிக் குதிரையைக் கட்டிப்போட்டது, அதாவது குதிரை விலகினால் பின்னால் இருக்கும் ராணி வெட்டுப்படும். வெள்ளை ஈ5-இல் வெட்டியது. கறுப்பு உடனே சிப்பாயால் திருப்பி வெட்டினால் ராணிகள் மாறிவிடும், குதிரையின் கட்டும் அவிழ்ந்து ஒரு சிப்பாய் போகும். அதனால் கறுப்பு முதலில் குதிரையை வெட்டியது, வெள்ளை ராணி அந்த மந்திரியை வெட்டி எஃப்3-இல் உட்கார்ந்தது, அப்புறம்தான் கறுப்பு ஈ5-இல் வெட்டியது. 6-ஆவது நகர்த்தலில் வெள்ளை மந்திரி சி4-க்கு வந்து எஃப்7-இல் செக்மேட் என்று மிரட்டியது. கறுப்பு குதிரையை எஃப்6-இல் வைத்து மறித்தது. வெள்ளை ராணி பி3-க்கு நகர்ந்தது. இப்போது எஃப்7, பி7 என்று இரண்டு இடத்தில் குறி.

7-ஆவது நகர்த்தலாகக் கறுப்பு ராணியை ஈ7-க்குக் கொண்டுபோனது. இதைப் பலர் அசட்டையாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இது கெட்டிக்கார நகர்த்தலாகவே படுகிறது. எஃப்7-க்குக் காவல் கிடைத்துவிட்டது. பி7-க்கு இல்லை, ஏனென்றால் நடுவில் சி7 சிப்பாய் மறைக்கிறது. ஆனால் வெள்ளை ராணி பி7-ஐ வெட்டினால் கறுப்பு ராணி பி4-க்குப் பாய்ந்து செக் கொடுக்கும், ராணிகள் மாறும். ஒரு சிப்பாய் நஷ்டம், அவ்வளவுதான். அந்த பி4 கட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆட்டத்தின் தற்காப்பு முழுவதும் அங்கேதான் இருந்தது.

மார்ஃபி சிப்பாயை வெட்டவில்லை. குதிரையை சி3-இல் வைத்தார். பி4-இலிருந்து ராஜாவுக்கு வரும் குறுக்குக் கோட்டில் அது தாழ்ப்பாள் போலப் பொருந்தியது. கறுப்பு சிப்பாயை சி6-க்கு நகர்த்தி 7-ஆவது வரிசையைத் திறந்துவிட்டது, ராணியின் காவல் இப்போது பி7 வரை எட்டியது. வெள்ளையின் இன்னொரு மந்திரி ஜி5-க்கு வந்து எஃப்6 குதிரையைக் கட்டிப்போட்டது. 9-ஆவது நகர்த்தலாகக் கறுப்பு சிப்பாயை பி5-க்குத் தள்ளி சி4 மந்திரியை விரட்டப் பார்த்தது. குதிரை அந்தச் சிப்பாயை வெட்டியது. கறுப்பு குதிரையை வெட்ட, வெள்ளை மந்திரி பி5-இல் வெட்டிச் செக் கொடுத்தது.

அதற்குப் பின் எல்லாம் வேகம். பி8 குதிரை டி7-இல் வந்து மறித்தது. வெள்ளை ராணி பக்கம் கோட்டை கட்டி, அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் நகர்த்தி, யானையை டி வரிசைக்குக் கொண்டுவந்தது. கறுப்பு யானை டி8-க்கு வந்தது. வெள்ளை யானை டி7-இல் வெட்டி மாண்டது, அடுத்த யானை டி1-க்கு வந்தது, கறுப்பு ராணி ஈ6-க்குப் போனது, மந்திரி டி7-இல் வெட்டியது, எஃப்6 குதிரை அதை வெட்டியது. பிறகு வெள்ளை ராணி பி8-க்குப் போய்த் தன்னையே பலி கொடுத்தது. குதிரை அதை வெட்ட, யானை டி8-இல் செக்மேட். கடைசியில் வெள்ளையிடம் ராஜாவும் சிப்பாய்களும் போக மீதி ஒரு யானையும் ஒரு மந்திரியும்தான். கறுப்பிடம் ராணி, யானை, மந்திரி, குதிரை நான்கும் இருந்தன. அவற்றில் எஃப்8 மந்திரியும் எச்8 யானையும் ஆட்டம் முழுக்க இடத்தை விட்டு அசையவே இல்லை.

சரி, தற்காப்பை எங்கே தேடுவது? முடிவிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். கடைசி நிலையில் தொடங்கி ஒவ்வொரு நகர்த்தலாகத் திரும்ப எடுத்து, இங்கே கறுப்புக்கு வேறு எதாவது பிழைக்க வழி இருந்ததா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் ஒரு படி பின்னால். முடிவை மாற்றும் நகர்த்தல் ஒன்று கிடைக்கும் முதல் இடத்தில் உண்மையான தவறு இருக்கிறது. முன்னிருந்து பார்த்தால் கண்ணைப் பறிப்பது ராணி பலிதான். ஆனால் அதற்கு வெகு முன்பே ஆட்டம் போய்விட்டது.

15-ஆவது நகர்த்தலில் குதிரைக்குப் பதில் ராணியால் டி7-இல் வெட்டியிருந்தால்? வெள்ளை ராணி பி8-இல் செக், ராஜா ஈ7-க்கு ஓடும், ஈ5 சிப்பாயை வெட்டி மறுபடி செக். கறுப்பின் காய்கள் ஒவ்வொன்றாக உதிரும். 14-இல் ராணி பி4-க்கு வந்து மாற்றத்துக்கு அழைத்திருந்தால்? வெள்ளை மந்திரி எஃப்6 குதிரையை வெட்டும். கறுப்பு ராணி பி3-இல் ராணியை வெட்டினால், மற்ற மந்திரி டி7-இல் வெட்டி அந்த இடத்திலேயே செக்மேட், ஏனென்றால் எஃப்6-இல் நிற்கும் மந்திரி டி8, ஈ7 இரண்டையும் அடைத்துவிட்டது. 12-இல் அதே பி4 நகர்த்தல்? அதே பதில், அதே செக்மேட். 12-இல் கறுப்பும் ராணி பக்கம் கோட்டை கட்டியிருந்தால்? மந்திரி ஏ6-இல் செக், ராஜா சி7-க்கு, ராணி பி7-இல் செக்மேட்.

இந்தக் கடைசி வரி, கணினி எப்படித் தேடுகிறது என்பதையும் காட்டிவிடுகிறது. தொடக்க நிலையில் வெள்ளைக்கு 20 நகர்த்தல்கள் உண்டு, கறுப்பின் பதிலும் சேர்ந்தால் 400 வழிகள். இன்னொரு நகர்த்தலில் 8,902. அதற்கடுத்ததில் 1,97,281. ஆட்டத்தின் நடுவில் ஒவ்வொரு முறையும் 30-க்கும் மேற்பட்ட தெரிவுகள் இருப்பது சாதாரணம். 1950-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் தன் ஆய்வுக் கட்டுரையில், சாத்தியமான ஆட்டங்கள் 1-க்குப் பின்னால் 120 சுழியம் போட்ட எண் அளவுக்கு இருக்கும் என்று மதிப்பிட்டார். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க எந்த எந்திரத்தாலும் ஆகாது.

ஆனால் எல்லாவற்றையும் பார்க்கவும் தேவையில்லை. கறுப்பு கோட்டை கட்டினால் மந்திரி ஏ6 செக்மேட்டுக்கு இட்டுப்போகிறது என்று தெரிந்த பிறகு, வெள்ளையின் மற்ற நகர்த்தல்களை ஏன் பார்க்க வேண்டும்? ஒரு யோசனையைக் கொல்ல ஒரே ஒரு பதில் போதும். ஆல்ஃபா-பீட்டா வெட்டு என்ற உத்தி இதுதான். ஒவ்வொரு முறையும் 30 தெரிவுகள் என்று வைத்து, இரு பக்கமும் சேர்த்து நான்கு நகர்த்தல் ஆழம் பார்த்தால் 8,10,000 நிலைகள் வரும். நல்ல நகர்த்தல்களை முதலிலேயே எடுத்துப் பார்க்கும் அதிர்ஷ்டம் முழுவதும் அமைந்தால் வெறும் 1,799 போதும், விடை மாறாது.

இதில் தற்காப்பவரின் கஷ்டமும் தெரிகிறது. அவருடைய நகர்த்தல் சரியானது என்று நிரூபிக்க எதிராளியின் எல்லாத் தாக்குதலுக்கும் பதில் வேண்டும். அது தவறு என்று காட்ட எதிராளிக்கு ஒரு தாக்குதல் இருந்தால் போதும். தற்காப்பு கண்ணில் படாமல் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஆழத்தின் எல்லையில் கணினி காய்களை எண்ணி மதிப்புப் போடும்: சிப்பாய் 1, குதிரையும் மந்திரியும் 3, யானை 5, ராணி 9 என்பது பழைய கணக்கு. பி8-இல் வெள்ளை ராணி வெட்டுப்பட்ட அந்த நொடியில் எண்ணினால் கறுப்பு எங்கேயோ முன்னால் இருக்கும். அடுத்த நகர்த்தலில் செக்மேட். அதனால்தான் நிரல்கள் வெட்டும் செக்கும் ஓயாத நிலையில் எண்ணுவதைத் தள்ளிப்போட்டு, அமைதி வரும்வரை அந்த வரியைத் தொடர்கின்றன.

மனிதர்கள் இந்த இடத்தில் எதிர்ப்பக்கமாகத் தவறுகிறார்கள், தோற்றுவிட்டோம் என்று முன்கூட்டியே நம்பிவிடுகிறார்கள். 1997 மே மாதம் நியூயார்க்கில் ஐபிஎம்மின் டீப் ப்ளூ கணினியோடு ஆடிய இரண்டாவது ஆட்டத்தில் காரி காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்தார். அந்த நிலையில் தொடர்ந்து செக் கொடுத்துச் சமன் செய்ய வழி இருந்தது என்று ஆய்வாளர்கள் பிறகு காட்டினார்கள். உலக சாம்பியனுக்கே அது தப்பியது.

பாரிஸுக்குத் திரும்புவோம். இன்னும் பின்னால் போய் 10-ஆவது நகர்த்தலில் நிற்போம். வெள்ளைக் குதிரை இப்போதுதான் பி5-இல் வெட்டியிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது? சி3-இலிருந்து. தாழ்ப்பாளாக இருந்த குதிரையே பாய்ந்துவிட்டது, பி4-இலிருந்து வெள்ளை ராஜா வரைக்கும் கோடு திறந்து கிடக்கிறது! கறுப்பு குதிரையை வெட்டாமல் ராணியை பி4-க்குக் கொண்டுவந்தால் செக். வெள்ளை ராணி வெட்டும், எஃப்8 மந்திரி திருப்பி வெட்டி மறுபடி செக் கொடுக்கும். ஆட்டம் முழுக்கத் தூங்கிய மந்திரி எழுந்துவிட்டது. வெள்ளை சிப்பாயை சி3-இல் வைத்து மறிக்க, கறுப்பு பி5 குதிரையை வெட்ட, வெள்ளை மந்திரி பி5-இல் செக்கோடு வெட்டும், பிறகு சி3 சிப்பாய் பி4 மந்திரியை எடுக்கும். கணக்குப் பார்த்தால் கறுப்புக்கு இரண்டு சிப்பாய் குறைவு. தோல்வி முகம்தான், ஆனால் ராணிகள் பலகையில் இல்லை, மார்ஃபி இன்னும் நெடுநேரம் உழைத்தாக வேண்டும். அதே பி4 நகர்த்தல், 10-இல் மூச்சு கொடுக்கிறது, 12-இலும் 14-இலும் செக்மேட்டில் முடிகிறது.

9-ஆவது நகர்த்தலில் நின்றால் ஒரு நல்ல கேள்வியைக் கேட்கலாம்: நான் இந்த முறை சும்மா இருந்தால் எதிராளி என்ன செய்வார்? கணினி நிரல்களும் ஒரு பக்கத்தை நகர்த்தாமல் தாண்டவிட்டுத் தேடிப் பார்ப்பதுண்டு. தற்காப்பைத் தேடுபவருக்கு இதைவிடப் பயனுள்ள கேள்வி இல்லை. இங்கே விடை: மந்திரி எஃப்6-இல் வெட்டும். ராணியால் திருப்பி வெட்டினால் பி7 போய் யானையும் போகும். சிப்பாயால் வெட்டினால் ராஜா பக்கம் கிழியும். கறுப்பு ராணிக்கு பி7, எஃப்7 இரண்டையும் காக்கும் வேலை. அவள் ஈ7-இல் நிற்பதால் எஃப்8 மந்திரி அடைபட்டிருக்கிறது. பி8 குதிரை டி7-க்கு வந்தால் ராணியின் காவல் பாதையையே மறிக்கும்.

ராணியை சி7-க்கு நகர்த்துவது நல்ல யோசனையாகத் தோன்றும், மந்திரிக்கு வழி கிடைக்கிறது. ஆனால் வெள்ளை ராணி பக்கம் கோட்டை கட்டிய பின் அந்த மந்திரி சி5-க்கு வந்தால் கதை முடிந்தது: வெள்ளை மந்திரி எஃப்7-இல் செக்கோடு வெட்டும், ராணி வெட்டியாக வேண்டும், யானை டி8-இல் செக். ராஜா அதை வெட்டினால் ராணி போகும். ஈ7-க்கு விலகினால் ராணிகள் மாறி எச்8 யானை போகும். மந்திரி ஈ7-க்கு வந்தால் டி8 காவல் பெறும், ஆனால் சி7 ராணிக்கும் எஃப்7-க்கும் இடையில் அதுவே சுவராகி எஃப்7 போகும். மிச்சம் இருப்பது பி8 குதிரையை ஏ6-க்கு ஓரம் கட்டுவது. அழகில்லாத நகர்த்தல். ஆனால் ராணியின் காவல் கோடு அப்படியே இருக்கிறது, ஏ8 யானைக்கு டி8 வரை பார்வை கிடைக்கிறது, குதிரை சி5 வழியாக பி3 ராணியைத் துரத்தக் காத்திருக்கிறது. வெள்ளை அந்தக் குதிரையை வெட்டினால் கறுப்பின் ராணி பக்கச் சிப்பாய்கள் சிதறும். அசிங்கமான நிலைதான், செக்மேட் மட்டும் இல்லை.

ஆனாலும் 9-இல் எதை ஆடினாலும் எதாவது ஒன்றைக் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. அப்படியென்றால் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. 3-ஆவது நகர்த்தலில் மந்திரியை ஜி4-க்கு அனுப்பாமல் டி4 சிப்பாயை வெட்டியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அதைத் தவறவிட்ட பின்பும் 6-ஆவது நகர்த்தலில் ஒரு வழி இருந்தது. எஃப்7 செக்மேட் மிரட்டலுக்குக் குதிரைக்குப் பதில் ராணி டி7-க்கு வந்திருக்கலாம். வெள்ளை ராணி அப்போதும் பி3-க்கு வரும், பி7-ஐயும் எஃப்7-ஐயும் குறிவைக்கும். கறுப்பு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி சி6-இல் வைத்தால் போதும், 7-ஆவது வரிசை திறந்துவிடும். பி7-ஐ வெட்டினால் ராணி வெட்டுப்படும். எஃப்7-இல் மந்திரி வெட்டினால் கறுப்பு ராணி அதை வெட்டிவிட்டு அங்கிருந்தும் பி7-ஐப் பார்த்துக்கொண்டிருக்கும். டி7-இல் நிற்பதால் அவள் எஃப்8 மந்திரியையும் மறைக்கவில்லை.