தன்னையே பதிந்து வைத்திருக்கும் டேட்டாபேஸ்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் ஒரு கம்பெனியின் பழைய டேட்டாபேஸை (மைஎஸ்கியூஎல் என்ற மென்பொருளில் உள்ளது) ஜாங்கோவுக்கு, அதாவது பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஃபிரேம்வொர்க்குக்கு, மாற்றிக்கொண்டிருக்கிறாராம். இருக்கிற டேபிள்களைப் படிக்கும் ‘இன்ஸ்பெக்ட்டிபி’ கட்டளையை ஓட்டியதும் மாடல்கள் (ஒவ்வொரு டேபிளையும் விவரிக்கும் நிரல்கள்) தானாக வந்துவிட்டன. பிரைமரி கீ (ஒவ்வொரு வரிசையையும், அதாவது ரோவையும், தனித்து அடையாளம் காட்டுவது), யூனிக் (ஒரே மதிப்பு இருமுறை வரக் கூடாது என்பது) எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் விற்பனை டேபிளில் உள்ள படகு எண் மட்டும் படகு டேபிளோடு இணையாமல் வெறும் எண்ணாக நிற்கிறது. “மற்றதையெல்லாம் கண்டுபிடித்தது இதை ஏன் விட்டது?”

கீ எது என்று ஜாங்கோ தரவைப் பார்த்து ஊகிப்பதில்லை. ஊகிக்கவும் கூடாது. படகுப் பட்டியலில் இன்றைக்கு எல்லாப் பெயரும் வேறுவேறாக இருக்கலாம். நாளைக்கே இன்னொரு ‘அங்காளம்மன்’ கரைக்கு வரும். இனிமேல் சேரப்போகும் வரிசைகளையும் கட்டுப்படுத்துவதுதான் கீ. இருக்கிற வரிசைகளை எவ்வளவு அலசினாலும் அது தெரியாது. டேபிளை உருவாக்கியவர் என்ன அறிவித்தார் என்பதை டேட்டாபேஸிடமே கேட்க வேண்டும்.

கேட்டால் அது சொல்லும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. டேபிள்களைப் பற்றிய விவரங்களையும் டேட்டாபேஸ் டேபிள்களாகவே வைத்திருக்கிறது. தரவை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் முறையை 1970-இல் முன்வைத்த கணினி அறிஞர் எட்கர் காட், 1985-இல் விதிகளை வகுத்தபோது இதையும் ஒரு விதியாகவே வைத்தார்: சாதாரணத் தரவைக் கேட்கும் அதே மொழியில் டேட்டாபேஸின் அமைப்பையும் கேட்க முடிய வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் இது அழகாகத் தெரியும். ஒரு டேபிளை உருவாக்கினால் ‘பிஜி_கிளாஸ்’ என்ற டேபிளில் ஒரு வரிசை சேரும். அதன் ஒவ்வொரு காலத்துக்கும் (column) ‘பிஜி_அட்ரிபியூட்’டில் ஒரு வரிசை. இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அகரவரிசை போன்றது) போட்டால் ‘பிஜி_இண்டெக்ஸ்’ஸில் ஒன்று, அதில் ‘2 5’ என்று இருந்தால் இரண்டாவது, ஐந்தாவது காலங்களை அதே ஒழுங்கில் கோத்த இண்டெக்ஸ் என்று பொருள். பிரைமரியா, யூனிக்கா என்பதற்குத் தனித்தனிக் காலங்கள் உண்டு. ஃபிரேம்வொர்க் செய்வதெல்லாம் இவற்றை இணைத்து, எண்களுக்குரிய பெயர்களை எடுப்பதுதான்.

இப்போது ‘பிஜி_கிளாஸ்’ஸிலேயே ‘பிஜி_கிளாஸ்’ என்று தேடிப் பாருங்கள். கிடைக்கும்! அதன் எண் 1259. பதிவு அலுவலகத்தின் பதிவேடு தன்னையும் ஒரு சொத்தாகப் பதிந்து வைத்திருப்பதைப் போல. அப்படியானால் ‘பிஜி_அட்ரிபியூட்’டைப் படிக்க அதன் காலங்கள் தெரிய வேண்டும், அந்தக் காலங்களோ அதற்குள்ளேயே இருக்கின்றன. இந்தச் சுழலை எங்கே வெட்டுகிறார்கள்? அடிப்படையான சில டேபிள்களின் அமைப்பை மட்டும் சர்வர் நிரலிலேயே பதித்து விடுகிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் எழுகிறது. முழு டேட்டாபேஸையும் ஒரே கோப்பில் வைக்கும் எஸ்கியூலைட்டின் வழி இன்னும் எளிது: அமைப்பைச் சொல்லும் டேபிள் எப்போதும் கோப்பின் முதல் பக்கத்தில் தொடங்கும். திறந்தவுடன் எங்கே பார்ப்பது என்ற கேள்வியே இல்லை.

போஸ்ட்கிரெஸ் 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அரசு ஆராய்ச்சிப் பணத்தில் தொடங்கிய வேலை. உடனடிப் பயன் கேட்காமல் ஆண்டுக்கணக்கில் நிதி தந்தால்தான் இப்படி ஒன்று முளைக்கும். நம் பல்கலைக்கழகங்களுக்கும் அப்படித் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, முதுநகர் நண்பரின் சிக்கல். மைஎஸ்கியூஎல்லில் ஜாங்கோ, அமைப்பு விவரங்கள் இருக்கும் ‘இன்ஃபர்மேஷன் ஸ்கீமா’வைப் பார்த்துத்தான் ஃபாரின் கீயை (ஒரு டேபிளை இன்னொன்றோடு இணைக்கும் கீ) அறிகிறது. அங்கே அந்த வரிசையே இல்லாமல் இருக்கலாம். மைஎஸ்கியூஎல் 5.5 பதிப்புக்கு முன் இயல்பான எஞ்சின் (தரவைச் சேமிக்கும் பகுதி) மைஐசாம். அது ஃபாரின் கீ அறிவிப்பை மறுக்காமல் ஏற்கும். ஆனால் எங்கும் எழுதி வைக்காது. பழைய டேட்டாபேஸ் என்பதால் முதலில் எஞ்சின் எது என்று பாருங்கள். மைஐசாம் என்றால் இரண்டு டேபிளையும் ஃபாரின் கீயைப் பதிந்து வைக்கும் இன்னோடிபி எஞ்சினுக்கு மாற்றுங்கள். அப்புறம் படகு டேபிளில் இல்லாத எண்கள் விற்பனையில் இருக்கின்றனவா என்று தேடிச் சரிசெய்யுங்கள். இருந்தால் கீயைச் சேர்க்க விடாது. இரண்டு காலங்களின் வகையும் ஒன்றாக இருக்க வேண்டும். கீயைச் சேர்த்துவிட்டு இன்ஸ்பெக்ட்டிபியை மறுபடி ஓட்டினால் இணைப்பு வந்துவிடும். அந்தக் காலத்துக்கு இண்டெக்ஸ் இல்லையென்றால் இன்னோடிபி தானே போட்டுக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் போடாது, அங்கே நாம்தான் போட வேண்டும்.