நான்காவது கோபுரமும் அடகுச் சீட்டும்

சில வாரங்களுக்கு முன் சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் குடும்பச் செலவுக் கணக்கு பற்றிப் பேசப் போயிருந்தேன். பேச்சு முடிந்ததும் ஓர் அம்மா எழுந்து, "மரினா பேயில இன்னொரு கோபுரம் வருதாமே, இன்னும் எத்தனை குடும்பம் கெடப்போகுதோ" என்றார். சூதாட்டக்கூடம் உள்ள மரினா பே சாண்ட்ஸ் உல்லாசத் தளத்தில் வரப்போகும் நான்காவது கோபுரத்தைத்தான் சொன்னார். பின்வரிசையில் இருந்த ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் மகன் அங்கதான் கிச்சன்ல வேலை பார்க்கிறான், அதையும் சொல்லுங்க" என்றார். அப்புறம் அரை மணி நேரம் இரண்டு பக்கமும் பேசினார்கள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். குடும்ப சேவை நிலையத்தில் சமூக ஊழியராக இருக்கிற எனக்கு அங்கே சொல்ல நேரம் கிடைக்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பயம் புதியதல்ல. 2004-ல் சூதாட்டக்கூடத்துக்கு அனுமதி தரலாமா என்று அரசாங்கம் யோசிக்கத் தொடங்கியதுமே எதிர்ப்பு கிளம்பியது, கிட்டத்தட்ட 30,000 பேர் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அமைச்சரவைக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஆனாலும் 2005 ஏப்ரல் 18 அன்று அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சூதாட்டக்கூடத்தோடு இரண்டு உல்லாசத் தளங்கள் வரும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 2010-ல் செந்தோசாவில் பிப்ரவரியிலும் மரினா பேயில் ஏப்ரலிலும் கதவு திறந்தது. இப்போது பேசப்படும் விரிவாக்கத்துக்கு 2019-லேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது. 570 சூட் அறைகள், 15,000 பேர் உட்காரும் அரங்கம் என்று பெரிய திட்டம். செய்தியில் அதிகம் வருவது அரங்கம்தான். ஆனால் அதே ஒப்புதலில் மரினா பேக்குக் கூடுதலாக 1,000 சூதாட்ட இயந்திரங்கள் வைத்துக்கொள்ளவும் இடமிருக்கிறது.

நேர்மையாகச் சொன்னால், 2005-ல் பயந்த அளவுக்கு நடக்கவில்லை. சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தின் ஆய்வில், சூதாட்டச் சிக்கலில் இருக்கக்கூடியவர்கள் 2011-ல் 2.6 விழுக்காடு, 2014-ல் 0.7, 2023-ல் 1.1. கட்டுப்பாடுகள் வேலை செய்கின்றன என்று சொல்பவர்கள் இந்த எண்களைக் காட்டுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் எங்கள் மேசைக்கு எதிரே வந்து உட்காருபவர் பெரும்பாலும் ஆடியவர் இல்லை. மனைவி, அம்மா, சில நேரம் உயர்நிலைப் பள்ளிச் சீருடையோடு மகள். அவர்கள் அந்த விழுக்காட்டில் வருவதில்லை.

லெவியை, அதாவது சூதாட்டக்கூடத்துக்குள் நுழையக் கட்டும் கட்டணத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக முன்பு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 2019 ஏப்ரலிலிருந்து 150 வெள்ளி, வருடத்துக்கு என்றால் 3,000. சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பவரை அது நிறுத்துகிறது, சந்தேகமில்லை. ஏற்கெனவே சிக்கியவரிடம் அது வேறு மாதிரி வேலை செய்கிறது. கட்டணம் 24 மணி நேரத்துக்குச் செல்லும் என்பதால், "கட்டின காசையாவது எடுத்துட்டுத்தான் கிளம்புவேன்" என்று விடிய விடிய உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். ஆண்டுக் கட்டணம் கட்டியவர் இன்னும் மோசம், போகாத நாளெல்லாம் நஷ்டம் மாதிரித் தோன்றும். (அந்த லெவிப் பணம் டோட்டலைசேட்டர் வாரியத்துக்குப் போய் நற்பணிகளுக்குச் செலவாகிறது, எங்களைப் போன்ற நிலையங்களுக்கும் அந்த வாரியம் நிதி தருகிறது. இதைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது.)

நம் ஆட்கள் பலருக்கு உறைக்காத ஒன்று, ஒர்க் பர்மிட்டில் வந்திருக்கும் தம்பிகளுக்கு இந்த லெவியே கிடையாது. 21 வயது ஆகியிருந்து அடையாள ஆவணத்தைக் காட்டினால் போதும், கதவு திறந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை, கையில் சம்பளம், ஊரில் ஏஜெண்டுக்கு வாங்கிய கடன், வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே ஏசி. ஒரு தம்பி முதல் தடவை 400 வெள்ளி ஜெயித்திருக்கிறார். அதுதான் வினை. ஏழு மாதம் ஊருக்குப் பணம் போகவில்லை, "கம்பெனியில சம்பளம் பிடிச்சுட்டாங்க" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார், அம்மா அந்த முதலாளியைச் சபித்துக்கொண்டு இருந்திருக்கிறார். வெளிநாட்டு ஊழியர்களும் சூதாட்டக்கூடத்துக்குள் போகாதபடி தங்களுக்குத் தாங்களே தடை போட்டுக்கொள்ள முடியும் என்பது அவருக்கு நாங்கள் சொல்லித்தான் தெரிந்தது. தங்கும் விடுதிகளில் டெங்கி பற்றி ஒட்டியிருக்கும் அளவுக்காவது இதைப் பற்றியும் ஒட்டலாம்.

அடுத்தது குடும்பத் தடை உத்தரவு. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் என்று நெருங்கிய உறவில் யாராவது சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்திடம் விண்ணப்பித்தால் ஒரு குழு இரண்டு தரப்பையும் கேட்டு முடிவு செய்யும். உத்தரவு வந்துவிட்டால் இரண்டு தளங்களிலும் சூதாட்டக்கூடத்துக்குள் விடமாட்டார்கள். திவாலானவர்கள், அரசாங்க நிதி உதவி பெறுபவர்கள் போன்றோருக்குத் தானாகவே தடை உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் வீடுகளில் இது எப்போது நினைவுக்கு வருகிறது தெரியுமா? கடன்முதலையின் (உரிமம் இல்லாமல் கடன் தருபவரின்) ஆள் வந்து கதவில் சிவப்புச் சாயம் ஊற்றிய பிறகு.

ஒரு பெண்மணி, அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். பாலர் பள்ளியில் வேலை. கணவருக்கு இரவு ஷிப்ட். அலமாரியில் சட்டைக்கு அடியில் ஓர் அடகுச் சீட்டு இருந்திருக்கிறது, அவருடைய வளையல். கேட்டதற்கு நண்பனுக்கு அவசரம் என்றார் கணவர். இரண்டு மாதம் கழித்து இன்னொரு சீட்டு. அப்புறம் மின்சாரக் கட்டணம் பாக்கி என்று கடிதம், கைப்பேசி எப்போதும் கவிழ்த்து வைத்தபடி, ஓவர்டைம் அதிகமாகிறது ஆனால் சம்பளம் ஏறவில்லை. எல்லாமே கண்ணெதிரே இருந்திருக்கிறது. எங்களிடம் வந்தபோது உரிமம் பெற்ற கடன் நிறுவனங்கள் மூன்று, உரிமம் இல்லாதது ஒன்று. தடைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "அக்கா, இது வெளிய தெரியுமா?" மாமியார் கூடவே வந்திருந்தார். "கட்டின புருஷன் மேல கேஸ் போடறியா" என்று என் முன்னாலேயே சத்தம் போட்டார். இது கேஸ் இல்லை, குற்றப் பதிவு இல்லை, வேலைக்கு ஆபத்து வராது என்று மூன்று முறை விளக்கினேன். அன்றைக்கு அந்தப் பெண் கையெழுத்துப் போடவில்லை. ஐந்து வாரம் கழித்துத்தான் திரும்பி வந்தார், அதற்குள் இன்னொரு கடன் சேர்ந்திருந்தது.

தடை எல்லாவற்றையும் அடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 4டி, டோட்டோ லாட்டரிக் கடை வரிசையில் யாரும் பெயர் கேட்பதில்லை. மலேசியாவில் சூதாட்டக்கூடம் இருக்கிற கெந்திங்குக்குப் பஸ் ஏறினால் இந்த ஊர் உத்தரவு கூட வராது. கைப்பேசியில் சட்டவிரோதத் தளங்கள் இருக்கின்றன. அதனால் தடையோடு கவுன்சலிங்கும், கடனை ஒழுங்குபடுத்துவதும் சேர்ந்து போக வேண்டும். 1800-6-668-668 என்ற உதவி எண்ணுக்கு ஆடுபவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை, வீட்டில் இருப்பவரும் அழைக்கலாம். மனநலக் கழகத்தில் போதைப் பழக்கங்களுக்கான தனிப் பிரிவு சூதாட்டத்துக்கும் சிகிச்சை தருகிறது. முதல் அடகுச் சீட்டைப் பார்த்த அன்றைக்கே கேளுங்கள், இரண்டாவதுக்குக் காத்திருக்காதீர்கள்.

அந்தக் கணவருக்குத் தடை உத்தரவு வந்து ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து நிலையத்துக்கு ஓர் அழைப்பு. மாமியார். குரலைத் தாழ்த்திப் பேசினார். சின்ன மகனுக்கும் அந்த ஃபாரம் வேண்டுமாம், அம்மா போடலாமா என்று கேட்டார்.