பால் கக்கும் குழந்தையும் ஏப்பத்தின் இயந்திரவியலும்

மூன்று மாத ஆண் குழந்தை. ஒவ்வொரு முறை பால் குடித்ததும் கக்குகிறான். எடை சீராக ஏறுகிறது, முகம் பார்த்துச் சிரிக்கிறான், சிறுநீரும் ஒழுங்காகப் போகிறது. வீட்டுப் பெரியவர்கள் தொக்கம் எடுக்கச் சொல்கிறார்கள். தெரிந்தவர் வீட்டுக் குழந்தைக்கு அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுத்தார்களாம். மருந்தே இல்லாமல் இதைக் குறைக்க முடியாதா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முடியும். ஆனால் கக்குவது ஏன் என்று தெரிந்துகொண்டால், என்ன செய்வது என்பதைப் பாதிக்கு மேல் நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

முதலில் ஒரு ஆறுதல். சிகாகோ பகுதியில் நடந்து 1997-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், நான்கு மாதக் குழந்தைகளில் 67 சதவீதம் பேர் நாளுக்கு ஒரு முறையாவது கக்கினார்கள். பத்து மாதத்துக்கு மேல், ஒரு வயதுக்குள் அது 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. கணக்கெடுப்பு எதுவும் நடத்தாமலே நம் பாட்டிகள் 'கக்கின பிள்ளை தக்கும்' என்று சொல்லிவைத்துவிட்டார்கள்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வளையம்போல ஒரு சுருக்குத்தசை இருக்கிறது, விழுங்கும்போது திறந்து மற்ற நேரத்தில் மூடியிருக்கும் என்பது பள்ளிப் பாடம். குழந்தைக்கு அந்தத் தசை இன்னும் வலுவாகவில்லை, அதனால் பால் மேலே வருகிறது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். மருத்துவ உலகமும் வெகுகாலம் அப்படித்தான் நம்பியது. அது பெரும்பாலும் தவறு என்று காட்டியது ஓர் எளிய ரப்பர் உறை.

தசையின் அழுத்தத்தை அளக்க மெல்லிய குழாய் ஒன்றை மூக்கு வழியாக உள்ளே விடுவார்கள். ஆனால் நாம் மூச்சு விட்டாலும் விழுங்கினாலும் அந்தத் தசை மேலும் கீழும் நகரும். குழாயில் இருக்கும் அளவிடும் துளையோ ஓரிடத்தில் நிற்கும். தசை விலகிப் போனதா, தளர்ந்து போனதா என்று எப்படிச் சொல்வது? ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த மருத்துவர் ஜான் டென்ட் 1976-இல் இதற்கு ஒரு வழி கண்டார். துளைக்குப் பதிலாகச் சில சென்டிமீட்டர் நீளமுள்ள உறையையே உணரியாக வைத்தார். தசை எங்கே நகர்ந்தாலும் உறையின் ஏதோ ஒரு பகுதியை அழுத்திக்கொண்டுதான் இருக்க வேண்டும். 1980-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் அவரும் சகாக்களும் ஆரோக்கியமான தன்னார்வலர்களை இரவு முழுக்க இப்படி அளந்தார்கள். அமிலம் மேலே வந்த தருணங்களைப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவற்றில் தசை பலவீனமாக இல்லை. நன்றாக இறுகியிருந்த தசை, விழுங்காமலே, திடீரென்று முழுவதுமாகத் தளர்ந்திருந்தது. சில நொடிகள், சில வேளை அரை நிமிடம்வரை திறந்திருந்து, மறுபடி மூடிக்கொண்டது.

பின்னர் அடிலெய்டிலேயே, குறைமாதக் குழந்தைகளுக்குப் பொருந்தும் அளவு மெல்லிய குழாய்களைக் கொண்டு இதே அளவீட்டைச் செய்தார்கள். அங்கும் அதே கதைதான். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையின் சுருக்குத்தசைகூட மூடியிருப்பதற்குப் போதிய வலுவோடு இருக்கிறது. அது வலுவில்லாமல் திறப்பதில்லை. திறக்கச் சொல்லிக் கட்டளை வருவதால் திறக்கிறது.

யார் கட்டளையிடுவது? எதற்காக? இங்கேதான் எனக்கு உற்சாகம் பொங்குகிறது.

இரைப்பையின் மேற்பகுதி விரியும்போது அங்குள்ள நரம்பு நுனிகள் இழுபடுகின்றன. செய்தி வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து அதே நரம்பின் வழியே ஆணை திரும்பி வருகிறது. நரம்பு நுனிகள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன. வாகனப் புகையில் மாசாகப் பார்க்கிறோமே, அதே வாயுதான் இங்கே தசையைத் தளர்த்தும் தூதுவன். இதைவிட வியப்பு, அந்த இடத்தில் உதரவிதானம் செய்யும் வேலை. உணவுக்குழாயைச் சுற்றி அணைத்திருக்கும் அதன் ஒரு சிறு பகுதியும் அதே நொடியில் தளர்கிறது. மீதி உதரவிதானம் எதுவும் நடக்காததுபோல மூச்சை இயக்கிக்கொண்டே இருக்கிறது. ஒரே தசைத் தகட்டின் ஒரு மூலைக்கு மட்டும் விடுமுறை!

இவ்வளவு ஏற்பாடும் ஏப்பத்துக்காக. பாலோடு சேர்த்து விழுங்கிய காற்று வெளியேற வேண்டும், அதற்கான வாயில்திறப்பு இது. அசை போடும் விலங்குகளில் இது உயிர்ப் பிரச்சினை. ஒரு மாடு நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் வாயுவை ஏப்பமாக விடுகிறது. மாடு பக்கவாட்டில் விழுந்து எழ முடியாமல் கிடந்தால் சில மணி நேரத்தில் வயிறு ஊதி உயிருக்கே ஆபத்தாகும். கால்நடை மருத்துவர் ஓடிவந்து அதை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்காரவைப்பது அதனால்தான். பக்கவாட்டில் கிடக்கும்போது இரைப்பையின் வாசலில் காற்றுக்குப் பதிலாகத் திரவம் வந்து நிற்கிறது. அங்குள்ள உணர்விகள் ஈரத்தை அறிந்து கதவைத் திறக்க மறுக்கின்றன. திரவம் மேலேறி நுரையீரலுக்குள் போவதைவிட வயிறு ஊதுவது மேல் என்பது மாட்டின் உடல் எடுத்த முடிவு.

மனிதரிடமும் இந்தக் கட்டுப்பாடு ஓரளவு இருக்கிறது. படுத்திருக்கும் பெரியவரின் இரைப்பைக்குள் காற்றைச் செலுத்தினால், உட்கார்ந்திருக்கும்போது திறப்பதுபோல அத்தனை முறை கதவு திறப்பதில்லை. ஆழ்ந்த தூக்கத்தில் அநேகமாகத் திறப்பதே இல்லை. ஆனால் மாட்டைப்போல முழுமையான தடையும் கிடையாது. மல்லாந்து கிடக்கும் குழந்தைக்கும் கதவு திறக்கத்தான் செய்கிறது.

பாதியளவு நீர் நிரம்பிய பாட்டிலைக் கிடத்திப் பாருங்கள். நிமிர்ந்திருந்தபோது காற்று இருந்த வாய்ப்பக்கத்தில் இப்போது நீர் நிற்கும். உணவுக்குழாய் வந்து சேரும் இரைப்பையின் வாசல் முதுகுப் பக்கமாக அமைந்திருப்பதால் குழந்தை மல்லாந்து படுக்கும்போது பால் அங்கே தேங்குகிறது, காற்று வயிற்றின் முன்பக்கம் மிதக்கிறது. கதவு காற்றுக்காகத்தான் திறக்கிறது. வாசலில் நிற்பதோ பால். நிமிர்த்திப் பிடித்தால் அதே திறப்பில் ஏப்பம் வரும். கக்குதலுக்கும் ஏப்பத்துக்கும் வித்தியாசம் அந்த நொடியில் கதவருகே எது நின்றது என்பது மட்டுமே.

இனிக் கொஞ்சம் வாய்ப்பாடு. கைக்குழந்தை நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 150 மில்லி பால் குடிக்கிறது. 60 கிலோ எடையுள்ள நீங்கள் அதே விகிதத்தில் குடித்தால் நாளுக்கு 9 லிட்டர். குடித்துவிட்டு மல்லாந்து படுத்திருக்கவும் வேண்டும். பிறந்த குழந்தையின் உணவுக்குழாய் நீளமோ பத்து சென்டிமீட்டருக்குள்தான். கக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆக, நம் கையில் இருப்பவை மூன்று: இரைப்பை எவ்வளவு விரிகிறது, எவ்வளவு காற்று உள்ளே போகிறது, கதவருகே என்ன நிற்கிறது.

விரிவைக் குறைக்க, அளவைக் குறைத்துத் தடவையைக் கூட்டுங்கள். ஒரு நாளின் மொத்தம் குறையக் கூடாது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு இது மிகவும் முக்கியம். மீதமிருக்கும் கடைசி 20 மில்லியையும் ஊட்டியே தீருவது என்ற பிடிவாதம்தான் பாதிக் கக்கலுக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று அர்த்தம். கக்கியதும் 'வயிறு காலியாகிவிட்டதே' என்று உடனே மறுபடி ஊட்டுவதும் அதே தவறு.

காற்றைக் குறைக்க, தாய்ப்பால் குடிக்கும்போது காம்பை மட்டுமல்லாமல் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துக் குழந்தையின் வாய் கவ்வியிருக்கிறதா என்று பாருங்கள். வீறிட்டு அழுதபிறகு ஊட்டினால் அழுகையோடு விழுங்கிய காற்றும் உள்ளே இருக்கும். பசியின் ஆரம்ப அறிகுறியிலேயே ஊட்டுவது நல்லது. நடுவில் ஒரு முறையும் முடிந்ததும் ஒரு முறையும் தோளில் போட்டு ஏப்பம் விடவையுங்கள். அதன்பின் இருபது, முப்பது நிமிடம் நிமிர்த்தித் தூக்கிவைத்திருங்கள்.

நிமிர்த்துவது வேறு, உட்காரவைப்பது வேறு. சாய்வு நாற்காலியில் குழந்தையை வைத்தால் நல்லது என்றுதான் முன்பு மருத்துவர்களும் சொல்லிவந்தார்கள். 1983-இல் குழந்தை மருத்துவர் சூசன் ஒரென்ஸ்டைனும் சகாக்களும் அளந்து பார்த்தபோது, சாய்வு இருக்கையில் வைத்த குழந்தைகளுக்கு, குப்புறப் படுத்திருந்தவர்களைவிட எதுக்களிப்பு அதிகமாக இருந்தது. கழுத்தும் முதுகும் நிலைக்காத குழந்தை அதில் இரண்டாக மடிந்து உட்காருகிறது, வயிறு அமுங்குகிறது. தூளியில் போட்டாலும் உடல் வளைந்துதான் கிடக்கும் என்பதால், வயிறு நிறையப் பால் குடித்த கையோடு தூளியில் போட வேண்டாம் என்பது என் எண்ணம். இடுப்பில் இறுக்கும் எலாஸ்டிக், இறுகக் கட்டிய துணி இவற்றையும் தளர்த்திவிடுங்கள்.

அப்படியென்றால் குப்புறப் படுக்கவைத்துவிடலாமே என்று தோன்றும். கூடவே கூடாது. குப்புறத் தூங்கும் குழந்தைகளுக்குத் தூக்கத்தில் திடீர் மரணம் நேரும் அபாயம் அதிகம். மல்லாந்து தூங்கவையுங்கள் என்று பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் இயக்கம் தொடங்கியபின் அந்த மரணங்கள் பெருமளவு குறைந்தன. மல்லாந்து படுத்தால் கக்கியது மூச்சுக்குழாயில் போய்விடாதா? உடலமைப்பை நினைத்துப் பாருங்கள். மூச்சுக்குழாய் முன்னால், உணவுக்குழாய் பின்னால். மல்லாந்தால் மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. மேலேறிய பால் பள்ளத்திலேயே தங்கி, மறுபடி விழுங்கப்படும். குப்புறப் போட்டால்தான் மூச்சுக்குழாய் பள்ளமாகிறது.

பாலைக் கெட்டியாக்கும் வழியும் உண்டு. புட்டிப்பாலில் இது வெளியே கக்குவதைக் குறைக்கிறது. தாய்ப்பாலில் அரிசி மாவைக் கலந்தால் சற்று நேரத்தில் மறுபடி நீர்த்துப்போகும். தாய்ப்பாலிலேயே அமைலேஸ் என்ற, மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி இருக்கிறது. எப்படியானாலும் ஆறு மாதத்துக்கு முன் மருத்துவரைக் கேட்காமல் கஞ்சி, கூழ் எதையும் பாலில் கலக்காதீர்கள். ஒரு வயதுக்கு முன் தேன் அறவே வேண்டாம்.

சரி, அமில மருந்து? கதவு திறக்கும் கதையில் அமிலத்துக்குப் பங்கே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பால் குடித்த பிறகு வெகுநேரம் குழந்தையின் இரைப்பையில் அமிலம் மட்டுப்பட்டே இருக்கிறது, கக்குவதும் பெரும்பாலும் வெறும் பால்தான். 2009-இல் வெளிவந்த சோதனையில் 162 குழந்தைகளில் ஒரு பாதிக்கு லான்சோபிரசோல் என்ற அமிலக் குறைப்பு மருந்தும் மறுபாதிக்கு வெற்று மருந்தும் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் 54 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. மருந்து வாங்கிய பக்கத்தில் நுரையீரல் தொற்று போன்ற தொல்லைகள்தான் கூடுதல். உணவுக்குழாயில் புண் உள்ள குழந்தைக்கு அந்த மருந்து தேவைப்படலாம். சிரித்துக்கொண்டே கக்கும் குழந்தைக்கு எதற்கு?

கதவையே குறிவைக்கும் மருந்துகளுக்காக நிறுவனங்கள் ஏராளமாகச் செலவழித்துப் பெரியவர்களிடம் சோதித்துக் கைவிட்டன. பால் குடித்தபின் எத்தனை நிமிடம் தூக்கிவைத்தால் போதும் என்ற கேள்விக்கு அந்தப் பணத்தில் ஒரு துளி கிடைத்திருந்தால் போதும். தோளை விற்க முடியாதே, யார் பணம் தருவார்கள்? பொதுப்பணத்தில் இயங்கும் நம் மருத்துவக் கல்லூரிகள் செய்ய வேண்டிய ஆய்வு அது.

தொக்கம் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாசகி கோபித்துக்கொள்வார். தாய்ப்பாலைத் தவிர எதையும் அறியாத குழந்தையின் வயிற்றிலிருந்து இட்லித் துண்டை எடுத்துக் காட்டுகிறவரிடம், அது எப்படி உள்ளே போனது என்று கேளுங்கள். குழந்தையின் வாயிலும் மூக்கிலும் ஊதுவதால் பால் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். உரம் எடுக்கிறேன் என்று சேலையில் போட்டு உருட்டுவதும் அப்படியே. கிரைப் வாட்டர் 1851-இல் இங்கிலாந்தில் பிறந்தபோது அதில் சாராயம் இருந்தது. குழந்தை அமைதியானதில் வியப்பில்லை. இப்போது சாராயம் இல்லை, கதவின் மேல் அதற்கு எந்த அதிகாரமும் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. பசும்பால் புரத ஒவ்வாமை அச்சு அசலாக இதேபோல் தோன்றும். கக்கலோடு தோல் தடிப்பு, மலத்தில் சளி அல்லது ரத்தம் இருந்தால், மருத்துவர் சொல்படி தாய் இரண்டு முதல் நான்கு வாரம் பால், தயிர், மோர் அனைத்தையும் நிறுத்திப் பார்க்கலாம். வீட்டில் யாராவது புகை பிடித்தால் அதையும் நிறுத்த வேண்டும். நிகோட்டின் அந்தத் தசையைத் தளர்த்தும்.

ஓடியாடும் வயதுக் குழந்தைகளுக்குக் கணக்கு எளிது. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் இரண்டு, மூன்று மணி நேரம், குளிர்பானத்துக்குத் தடை, மலச்சிக்கல் இருந்தால் அதற்குக் கவனிப்பு, எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பது. அநேகமாக இதுவே போதும்.

எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்? பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் அன்றே, அப்போதே: குடல் அடைபட்டிருக்கலாம். முதல் இரண்டு மாதங்களில் பீய்ச்சியடிப்பதுபோலத் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் இரைப்பையின் கீழ்வாயில் தடித்திருக்கக்கூடும், அறுவை சிகிச்சை தேவைப்படும். ரத்தம், காய்ச்சல், உச்சிக்குழி புடைப்பு, சோர்ந்து கிடப்பது, மூச்சுத் திணறல், சிறுநீர் குறைவது, எடை ஏறாதது, ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்குவது, ஒன்றரை வயதாகியும் நிற்காதது ஆகியவையும் சாதாரணக் கக்கலின் அடையாளங்கள் அல்ல. வாசகியின் மகனிடம் இவை எதுவும் இல்லை. அவன் உட்காரப் பழகி, சோறு உண்ணத் தொடங்கும்வரை தோளில் ஒரு துண்டு இருக்கட்டும்.